வெடிக்குத் திரி கொளுத்தியது யார்?



சென்ற மாதம் பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். பல வருடங்களாக நம் பத்திரிகையைப் படிப்பவர். சமையல் குறிப்பில் உப்பு அளவு தப்பாக வந்தால்கூட எழுதிக் கேட்டுவிடுவார். இந்த முறை கேட்ட விஷயம் உப்பைவிடக் கொஞ்சம் பெரியது.

மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாமிக்குப் பூ பறித்துத் தரச் சொன்ன பாட்டியிடம், "சாமியெல்லாம் கிடையாது பாட்டி. எல்லாம் பிக் பேங்ல தானா வந்தது" என்றிருக்கிறான். "அப்படின்னா?" என்று பாட்டி கேட்க, "பெரிய வெடி" என்று தமிழில் சொல்லியிருக்கிறான். பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிடா, அந்த வெடிக்குத் திரி கொளுத்தினது யாரு?" என்றாராம். பேரனும் விடவில்லை. "அப்ப உங்க சாமியைப் படைச்சது யாரு?"

அதோடு முடிந்திருந்தால் வீடே சிரித்திருக்கும். முடியவில்லை. தாத்தாவின் திதி வரப்போகிறது. "நான் உட்கார மாட்டேன்" என்று பையன் சொல்லிவிட்டான். பாட்டி அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மூன்று வாரமாகக் காபி டம்ளர் மேஜைக்கு வருகிறது, "குடிடா" என்ற குரல் வருவதில்லை. "நான் யார் பக்கம் நிற்கட்டும்?" என்று கேட்டு முடித்திருந்தார் வாசகி.

சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே சண்டை வேறு வசனத்தோடு நடந்திருக்கும்?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாட்டியின் கேள்வியும் சரி, பேரனின் கேள்வியும் சரி, இரண்டுமே முதல் தரமான கேள்விகள். உலகம் முழுக்கப் பெரிய பெரிய தத்துவ ஆசிரியர்கள் தாடியைத் தடவிக்கொண்டு கேட்ட கேள்விகள். அவை ஒரு அல்சூர் சமையலறையில், பூக்கூடைக்கும் ஃபில்டர் காபிக்கும் நடுவில், ஒரே நிமிடத்தில் வந்து விழுந்திருக்கின்றன. பெருமைப்பட வேண்டிய வீடு அது.

நமக்கு இந்த விவாதம் புதிதும் இல்லை. நாத்திகம் என்பது மேல்நாட்டுப் படிப்பால் வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். மணிமேகலையை எடுத்துப் பாருங்கள். வஞ்சி நகரத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அந்த வரிசையில் ஒரு பூதவாதியும் இருக்கிறார். பூவையும் வெல்லத்தையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்தால் எப்படிப் போதை பிறக்கிறதோ, அப்படியே நிலம், நீர் போன்ற பூதங்கள் சேரும்போது உணர்வு பிறக்கிறது, கண்ணால் காண்பதே பிரமாணம் என்பது அவர் வாதம். மணிமேகலை சிரித்துவிட்டு, அப்படியானால் உன் தாய் தந்தை யார் என்பதை எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். அந்தக் காலத்திலேயே கேள்விக்குக் கேள்விதான் பதிலாக வந்திருக்கிறது. யாரும் யாரையும் ஊரை விட்டுத் துரத்தவில்லை.

அப்படியிருக்க, நம் வீட்டில் ஏன் மூன்று வாரம் பேச்சு நிற்கிறது?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உங்கள் அடுக்களையில் அஞ்சறைப்பெட்டி இருக்கிறதல்லவா? கடுகு, சீரகம், வெந்தயம், எல்லாமே ஒரே குழம்புக்குத்தான் போகப்போகின்றன. ஆனாலும் பெட்டிக்குள் தனித்தனியாக வைக்கிறோம். கலந்துவிட்டால் பொறுக்கி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். கடவுள் விஷயத்தில் நாம் செய்கிற தப்பு இந்தக் கலப்படம்தான். மூன்று கேள்விகளை ஒரே கிண்ணத்தில் கொட்டிவிடுகிறோம்.

பிரபஞ்சம் எப்படி உண்டானது? இது ஒன்று. கடவுள் இருக்கிறாரா? இது இரண்டு. நம் வீட்டில் திதி கொடுப்பதா, வேண்டாமா? இது மூன்று.

மூன்றுக்கும் பதில் தேடும் இடம் வேறு வேறு. பேரன் முதல் கேள்வியின் பதிலை எடுத்து மூன்றாவதன் மேல் எறிந்தான். பாட்டி மூன்றாவதைக் காப்பாற்ற முதலாவதில் போய்ச் சண்டை பிடித்தார். நடுவில் இருந்த இரண்டாவதை யாரும் நிதானமாகப் பார்க்கவே இல்லை.

சரி, ஒவ்வொரு கிண்ணமாகத் திறப்போம்.

முதல் கிண்ணம்

பேரனுக்கு ஒரு சின்னத் திருத்தம். பிக் பேங் என்பது பட்டாசு மாதிரி ஓரிடத்தில் வெடித்த வெடி இல்லை. சீரகம் போட்ட அப்பளத்தை எண்ணெயில் போடுங்கள். அப்பளம் விரிய விரிய, எந்தச் சீரகத்தின் மேல் உட்கார்ந்து பார்த்தாலும் மற்றச் சீரகமெல்லாம் விலகிப் போவது போலத்தான் தெரியும். நடு என்று ஒரு சீரகம் கிடையாது. பிரபஞ்சத்தில் விரிவது இடமேதான். இந்த விரிவைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் போய் நிற்கிறது.

இதை முதலில் சொன்னவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஜார்ஜ் லெமேத்ரு. பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார்! 1927-ல் பிரபஞ்சம் விரிகிறது என்று எழுதினார். 1931-ல், எல்லாம் ஆதி அணு ஒன்றிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்றார். 'பிக் பேங்' என்ற பெயரை வைத்தவர் ஃபிரெட் ஹோய்ல், 1949-ல் பி.பி.சி. வானொலிப் பேச்சில். அவருக்கு அந்தக் கொள்கை பிடிக்காது. பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே கிடையாது என்பது அவர் கட்சி. கடவுள் நம்பிக்கையும் அப்போது அவருக்கு இல்லை.

பாருங்கள், பாதிரியார் ஒரு பக்கம், நம்பாதவர் ஒரு பக்கம். இவர்களில் யார் பக்தர் என்று பார்த்தா உலகம் தீர்ப்பு சொன்னது? அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவரின் ஆன்டெனாவில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓயாத ஒரு இரைச்சல் கேட்டது. புறா எச்சம்தான் காரணமோ என்று அதைச் சுத்தம்கூடச் செய்து பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சத்தின் இளமைக் காலத்து வெப்பத்தின் மிச்சம் என்று 1965-ல் தெரியவந்தது. கேபிள் வராத காலத்தில் டிவியில் சேனல் இல்லாதபோது புள்ளி புள்ளியாக ஆடுமே, அதிலும் நூற்றில் ஒரு பங்கு அந்த மிச்சம்தான். நம் கூடத்துக்கே வந்து போயிருக்கிறது, நாம்தான் டிவி தலையில் தட்டிக்கொண்டிருந்தோம்.

லெமேத்ருவிடம் எனக்குப் பிடித்தது இன்னொன்று. 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்த அறிவியல் படைப்புக்குச் சாட்சி சொல்வது போலப் பேசினார். வேறு பாதிரியாராக இருந்தால் மகிழ்ந்திருப்பார். லெமேத்ருவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் பூசையும் செய்தார், கணக்கும் போட்டார். ஒன்றை இன்னொன்றுக்கு முட்டுக்கொடுக்க விடவில்லை. அஞ்சறைப்பெட்டியை ஒழுங்காக வைத்திருந்த மனிதர்!

வெளிநாட்டுக் கதை எதற்கு, நம் ஊருக்கே வருவோம். மேக்ரி சர்க்கிள் பக்கம் போகிறவர்கள் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 'சரஸ்' என்று ஒரு கருவி செய்தார்கள். பிரபஞ்சத்தின் முதல் நட்சத்திரங்கள் பிறந்த காலத்து ரேடியோ அலையைப் பிடிக்க முடியுமா என்று பார்ப்பதற்கு. தரையில் வைத்தால் மண்ணும் பாறையும் அலையைக் குழப்பும். அதனால் 2020 தொடக்கத்தில் அதைத் தெப்பம் போல ஏரியில் மிதக்கவிட்டார்கள். தண்டிகனஹள்ளி ஏரியிலும், ஷராவதி அணையின் தேங்கு நீரிலும்.

2018-ல் ஒரு அமெரிக்கக் குழு, அந்த முதல் நட்சத்திரக் காலத்தின் தடயம் கிடைத்துவிட்டது என்று அறிவித்திருந்தது. உலகமே கைதட்டியது. நம் பெங்களூரு குழு ஏரித் தண்ணீரில் மிதந்த கருவியின் பதிவுகளைச் சலித்துப் பார்த்து, "எங்களுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை" என்று 2022-ல் எழுதியது. இதில் யாரும் யார் மனதையும் புண்படுத்தியதாகக் கோபப்படவில்லை. சொன்னதைச் சோதிக்க வேண்டும், சோதித்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் திரி? அந்த முதல் நொடியின் முதல் துளியில் என்ன நடந்தது, அதற்கு 'முன்னால்' என்று ஒன்று உண்டா என்பதற்கு அறிவியலிடம் இன்று உறுதியான பதில் இல்லை. தம்பி, இதைப் பாட்டியிடம் ஒப்புக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. பாட்டிம்மா, அங்கே பதில் இல்லை என்பதாலேயே அந்த இடம் நம் சாமிக்கு எழுதிவைத்த இடம் என்றும் ஆகிவிடாது. ஒரு காலத்தில் அம்மை ஏன் வருகிறது என்று தெரியவில்லை, இன்று தெரிகிறது. பதில் வர வர நகர வேண்டிய இடத்தில் சாமியை உட்கார வைத்தால் அவருக்குத்தான் சிரமம்.

வாட்ஸ்அப் விஷயம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள் கடவுள் துகளைக் கண்டுபிடித்து, வாசலில் நடராஜரை வைத்துக் கும்பிடுகிறார்கள்' என்று ஒரு செய்தி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும். சிலை உண்மை. இந்திய அரசு 2004-ல் அன்பளிப்பாகக் கொடுத்தது. 'கடவுள் துகள்' என்பது லியோன் லெடர்மன் என்ற இயற்பியலாளர் 1993-ல் வந்த தன் புத்தகத்துக்கு வைத்த தலைப்பு. அந்தத் துகள் இருக்கும் என்று சொன்ன பீட்டர் ஹிக்ஸுக்கே அந்தப் பெயர் பிடித்ததில்லை. அதே போல, பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்று புராணம் சொல்கிறது, பூமியின் வயது சுமார் 454 கோடி, பார்த்தீர்களா என்றும் வரும். இத்தனை பெரிய காலத்தைக் கற்பனை செய்த மனதுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் கற்பனை செய்வது ஒன்று, அளப்பது இன்னொன்று. நம் பெருமைக்கு ஃபார்வர்டு செய்த பொய் தேவையா?

இரண்டாம் கிண்ணம்

கடவுள் இருக்கிறாரா? "ஆசிரியரே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

நான் தினமும் விளக்கேற்றுகிறேன். சில நாள் நம்பிக்கையோடு, சில நாள் வெறும் பழக்கத்தில், சில நாள் அம்மாவின் ஞாபகத்தில். இந்த மூன்றில் எது எந்த நாள் என்று எனக்கே தெரியாது. அதனால் உங்களுக்குத் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஆனால் இந்தக் கேள்வி அவரவர் மனதுக்குச் சொந்தம் என்பது மட்டும் உறுதி. அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மனசாட்சிச் சுதந்திரம் என்று அதைத்தான் சொல்கிறது. நம்புவதற்கான சுதந்திரம் எத்தனை உண்மையோ, நம்பாமல் இருப்பதற்கான சுதந்திரமும் அத்தனை உண்மை. நம் ஊரில் வாழ்ந்து மறைந்த சர் சி.வி. ராமனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970 நவம்பர் 21 அன்று அவர் மறைந்தபோது சடங்கு எதுவும் இல்லாமல், தன் நிறுவனத் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அந்த இடத்தில் ஒரு மரம் நிற்கிறது. திருச்சியில் பிறந்த அந்த மனிதருக்குக் கரையேற வழியில்லாமல் போய்விட்டது என்று யாராவது சொல்வோமா?

மறுபக்கம், இஸ்ரோக்காரர்கள் திருமலைக்குப் போவதைப் பார்த்து நம் பையன்கள் கேலி செய்கிறார்கள். சந்திரயான்-2 கிளம்பும் முன்பும் போனார்கள், சந்திரயான்-3 கிளம்பும் முன்பும் போனார்கள். 2019 செப்டம்பரில் முதல் கலத்தின் விக்ரம் லேண்டர் நிலவில் மோதி நொறுங்கியது. அடுத்த லேண்டர் 2023 ஆகஸ்ட் 23 அன்று மெல்ல இறங்கியது. பீன்யா கட்டுப்பாட்டு மையத்தில் திட்ட இயக்குநர், நம் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல், பேசியதைக் கண் கலங்கப் பார்த்தோம்.

கும்பிட்டது இரண்டு முறையும்தான். நடுவில் மாறியது என்ன? லேண்டரின் கால்களைப் பலப்படுத்தினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். இறங்குவதற்கான இடத்தை அரை கிலோமீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று அகலமாக்கினார்கள். "சாமி கும்பிட்டாச்சு, டெஸ்ட் வேண்டாம்" என்று ஒருவரும் சொல்லவில்லை. கோயில் அவர்கள் படபடப்புக்கு, சோதனை கலத்துக்கு. இந்தப் பிரிவினை தெரிந்தவர் கும்பிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?

பேரன் வீட்டில் தனியாக நிற்கிறான் என்பதையும் பெரியவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் எதையும் குறிப்பிடாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 29 லட்சம் பேர், நூற்றுக்குக் கால் பேர்தான். அவர்களிலும் எல்லோரும் நாத்திகர்கள் என்று சொல்ல முடியாது. "நான் நம்பவில்லை" என்று ஒரு பத்தொன்பது வயதுப் பையன் வாயைத் திறந்து சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். 2017-ல் கோயம்புத்தூரில் ஃபாரூக் என்ற இளைஞர், தான் பிறந்த மதத்தை விட்டு நாத்திகம் பேசியதற்காகக் கொல்லப்பட்டார். நாத்திகம் பேசியதால் யார் சாமிக்கும் காயம் பட்டதில்லை. பேசியவர்கள்தான் காயம் பட்டிருக்கிறார்கள்.

பெட்டிக்கு வெளியே ஒரு எலி

மூன்றாவது கிண்ணத்துக்கு முன், பெட்டியைக் கடிக்கிற எலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயத்தை விற்கிறவர்களைச் சொல்கிறேன்.

இது என் கதை. சில வருடங்களுக்கு முன் அப்பா ஐ.சி.யு.வில் இருந்தார். தெரிந்தவர் மூலம் ஒருவர் வந்தார். ஜாதகத்தில் கண்டம், பரிகாரம் செய்தால் சரியாகிவிடும், 18 ஆயிரம் ஆகும் என்றார். கொடுத்தேன். அப்பா போய்விட்டார். பரிகாரம் தாமதமாகிவிட்டது என்றார் அவர். நான் வெட்கப்படுவது சாமியை நம்பியதற்காக இல்லை. அரைக் கிலோ பீன்ஸ் வாங்கும்போது ஒடித்துப் பார்க்கிற நான், அந்த மனிதரிடம் ஒரே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே, அதற்காக. 'சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார்' என்று பழமொழி சொன்ன பாட்டிகளின் பேத்தி நான். எனக்கே இந்த கதி.

இப்படி ஏமாறக் கூடாது என்று நம் ஊரில் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹெச். நரசிம்மையா. பழைய பெங்களூருக்காரர்களுக்கு 'ஹெச்.என்.' என்றால் தெரியும். கௌரிபிதனூர் பக்கத்தில் ஒரு ஏழைக் குடும்பத்தில் 1920-ல் பிறந்தவர். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றவர். அமெரிக்காவில் அணு இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பியவர். கதர் வேட்டி, காந்தி குல்லாய். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பசவனகுடி நேஷனல் காலேஜ் ஹாஸ்டலில் ஒரு அறையே அவர் வீடு.

பெங்களூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, 1976-ல், அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் விசாரிக்க ஒரு குழு அமைத்தார். கையிலிருந்து திருநீறு வரவழைப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு சிறுவனை அந்தக் குழு போய்ப் பார்த்து, திருநீறு உடையில் மறைத்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தது. ஒயிட்ஃபீல்டில் ஆசிரமம் வைத்திருந்த சத்ய சாய் பாபாவுக்கும், அவர் செய்வதைக் குழுவின் முன் செய்து காட்டும்படி கடிதங்கள் எழுதினார். சம்மதம் வரவில்லை. நாடெங்கும் அது பேச்சானது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தில் 51ஏ பிரிவைச் சேர்த்த 42-வது திருத்தமும் அதே 1976-ல்தான் நிறைவேறியது.

ஹெச்.என். பாட்டிகளின் விளக்கை ஊதி அணைக்க வரவில்லை. "அற்புதம் என்று சொன்னால் சோதிக்கவிடு" என்றார், அவ்வளவுதான். 2005-ல் மறைந்தார். கர்நாடகத்தில் மாந்திரீகம், மனிதத்தன்மையற்ற சடங்குகளுக்கு எதிரான சட்டம் 2017-ல் நிறைவேறி 2020-ல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சட்டம் நம் பர்ஸைக் காவல் காக்காது. கேள்வி காக்கும். 'பணம் எதற்கு? பலிக்காவிட்டால் என்ன? டாக்டரிடம் போக வேண்டாம் என்று ஏன் சொல்கிறீர்கள்?' இந்த மூன்றையும் கேளுங்கள். உண்மையான பக்தர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மூன்றாம் கிண்ணம்

இப்போது திதி.

வாசகி அம்மா, பாட்டி தாத்தாவோடு எத்தனை வருடம் வாழ்ந்திருப்பார்? நாற்பது? ஐம்பது? வருடத்தில் ஒரு நாள், அவர் பெயரைச் சொல்லி, அவருக்குப் பிடித்த கறி சமைத்து, காக்காய்க்குச் சோறு வைத்து, "இன்னும் உங்களை மறக்கவில்லை" என்று சொல்கிற நாள் அது. பேரன் "உட்கார மாட்டேன்" என்றபோது பாட்டி காதில் விழுந்தது பிரபஞ்சத்தின் தோற்றம் பற்றிய கருத்தா? "எனக்குத் தாத்தா முக்கியமில்லை" என்று விழுந்திருக்கும்.

அதே போல, "உட்கார்ந்துதான் ஆகணும்" என்று பெரியவர்கள் சொன்னால் அவன் காதில் என்ன விழும்? "நீ நினைப்பது எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை."

தம்பி, மந்திரம் சொல்ல உனக்கு மனம் வரவில்லையா, சொல்லாதே. பொய்யாகச் சொல்வதைவிட அது நேர்மை. ஆனால் காலையில் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போய் வாழையிலை வாங்கி வருவதற்கு நம்பிக்கை எதற்கு? தாத்தாவின் பழைய போட்டோவைத் துடைத்து வைப்பதற்கு எந்தக் கொள்கை தடுக்கிறது? சாப்பாடு முடிந்ததும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தாவை முதல்ல எங்க பார்த்தீங்க?" என்று கேள். அறிவியல் எதுவும் குறைந்துவிடாது.

பாட்டிம்மா, பேரன் மனதில் இல்லாததை அவன் மோதிர விரலில் தர்ப்பை கட்டிக் கொண்டுவந்துவிட முடியுமா? உங்கள் மகன் இருக்கிறாரே, அவர் உட்காரட்டும்.

கல்யாணத்திலும் இதே வழிதான். பெண் வீடு நம்பும், பையன் நம்பமாட்டான். தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டமே இருக்கிறது. இந்தக் கர்நாடக மண்ணில் கன்னடக் கவிஞர் குவெம்பு 'மந்திர மாங்கல்யம்' என்று எளிய கல்யாண முறை ஒன்றைக் காட்டினார், தன் மகன் தேஜஸ்விக்கும் அப்படியே நடத்திவைத்தார். பதிவுத் திருமணமும் உண்டு. காலையில் பதிவாளர் அலுவலகம், மாலையில் அம்மாவின் ஆசைக்குக் கோயில் என்று முடித்த ஜோடிகளை எனக்குத் தெரியும். நன்றாகத்தான் இருக்கிறார்கள். சண்டை வந்தால் ஏ.சி. ரிமோட்டுக்குத்தான் வருகிறது.

ஒரு சின்ன நடை

இந்தக் கடிதம் மனதில் இருந்ததால் ஒரு ஞாயிறு காலை பசவனகுடிப் பக்கம் நடக்கப் போனேன். மெட்ரோவில் நேஷனல் காலேஜ் ஸ்டேஷனில் இறங்கினால், ஹெச்.என். பணியாற்றிய கல்லூரி. 1962-ல் அவர் தொடங்கிய பெங்களூர் சயின்ஸ் ஃபோரம் நூற்றுக்கணக்கான அறிவியல் சொற்பொழிவுகளை நடத்திய இடம். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் பெரிய நந்தி கோயில், கார்த்திகையில் கடலைக்காய்ப் பரிஷைத் திருவிழா நடக்கிற தெரு. கேள்வி கேட்கச் சொன்னவரும் கடலைக்காய் படைக்கிறவர்களும் ஒரே பேட்டையில்தான் இருந்தார்கள். யாரும் யாரையும் காலி செய்யவில்லை.

இன்னும் கொஞ்சம் நடந்து கவிப்புரம் போனேன். கவி கங்காதரேஸ்வரர் குகைக் கோயில். மகர சங்கராந்தி மாலையில் சூரியக் கதிர் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே நுழைந்து லிங்கத்தின் மேல் விழும். வருடா வருடம் டிவியில் காட்டுவார்களே, அது.

நேரு கோளரங்கத்தின் பி.எஸ். ஷைலஜா உள்ளிட்ட சிலர் இதை அளந்து 2008-ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். வான்கணிதம் எளிமையானதுதான். டிசம்பர் 21 வாக்கில் சூரியன் தெற்கே கடைசி எல்லைக்குப் போய்த் திரும்புகிறது. திரும்பி வரும்போது ஜனவரி நடுவில் எந்த இடத்தில் அஸ்தமிக்கிறதோ, போகும்போதும் அதே இடத்தில்தான் அஸ்தமித்திருக்கும். அதாவது நவம்பர் கடைசியில். ஆகவே அந்தக் கதிர் வருடத்தில் இரண்டு முறை உள்ளே வருகிறது. சங்கராந்திக்குக் கூட்டம் அலைமோதுகிறது. நவம்பரில் வரும் கதிரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பாறையைக் குடைந்து, மேற்கே பார்த்து, கொம்புக்கு நடுவே கணக்குப் போட்டு வைத்தவன் பக்தனா, வானியல்காரனா? இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து வாசகிக்கு போன் செய்து இவ்வளவையும் சொன்னேன். நான்கு நாள் கழித்து அவரே திரும்ப அழைத்தார். திதியைப் பற்றிப் பையன் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இலை வாங்கி வருகிறேன் என்றிருக்கிறான். பாட்டி திரியை விடவில்லை. "முதல்ல அவங்க அந்த ஏரியில கண்டுபிடிக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்கிறாராம்.

பேச்சு வந்துவிட்டதா என்று கேட்டேன். அந்தக் கோயில் சமாசாரத்தைப் பேரன்தான் பாட்டிக்குப் படம் போட்டு விளக்கினானாம். இங்கே சூரியன், இங்கே கொம்பு, இது டிசம்பர், இது ஜனவரி. பாட்டி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டாராம். கேட்டுவிட்டுச் சொன்னாராம்:

"அப்ப நவம்பர்லயே போயிட்டு வந்துடலாம்டா. க்யூ இருக்காது."

அன்புடன்,
ஆசிரியர்